லினக்ஸ் மேசைக்கணினியில் திரைப் பிரிதிறனும் புதுப்பிப்பு வீதமும்: பாடம் பார்க்கும் ஆய்வாளர்க்கான பிழைதேடும் நெறி

ஆய்வுச் சுருக்கம்

படிமமாக்கப்பட்ட சுவடிகளையும் பழைய அச்சு நூல்களையும் கணித்திரையில் படித்துப் பெயர்த்தெழுதும் ஆய்வாளர்க்குத் திரையின் தெளிவு வசதி பற்றியது மட்டுமன்று. தரவின் நம்பகத்தன்மை பற்றியதும் ஆகும். லினக்ஸ் இயக்குதளத்தில் திரை தன் இயல்பான பிரிதிறனில் இயங்காமை, தவறான புதுப்பிப்பு வீதம், மினுக்கல் ஆகியன எங்கே தோன்றுகின்றன, அவற்றை எவ்வரிசையில் சோதிப்பது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. இயக்குதளத்தை மீண்டும் நிறுவுவதற்கு முன், திரைக்கும் கணினிக்கும் இடையிலான செய்திப் பரிமாற்றத்தில் எந்தக் கண்ணி அறுந்தது எனக் காண வேண்டும் என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: லினக்ஸ், பிரிதிறன், புதுப்பிப்பு வீதம், ஈடிட் அட்டவணை, புள்ளி, பெயர்த்தெழுதுதல், மூலபாட ஆய்வு

முன்னுரை

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி, உப்பனாற்றங்கரையில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்துள்ளது. குடிகாடு, ஈச்சங்காடு, பச்சையாங்குப்பம் முதலிய அதன் அண்டை ஊர்களின் பேச்சுவழக்கு என் முனைவர்பட்ட ஆய்வின் களம். அவ்வழக்குச் சொற்களைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு அச்சு நூல் ஒன்றின் சொற்களோடு ஒப்பிடும் பொருட்டு, அந்நூலின் படிமங்களைத் திரையில் பார்த்துத் தட்டச்சு செய்துவந்தேன். கணினி பழைய மேசைக்கணினி, இயக்குதளம் லினக்ஸ், திரை, ஒருவர் பயன்படுத்தி விற்ற 22 அங்குலத் திரை. அதன் இயல்பான பிரிதிறன் 1680×1050.

அறை மாறியபோது பழைய வடம் தொலைந்து, வேறொரு வடம் வாங்கிப் பொருத்தினேன். அன்று முதல் திரை 1024×768 என்ற அளவில் மட்டுமே இயங்கியது. எழுத்துகள் பெரிதாகத் தெரிந்ததால் அதைக் குறையாகவே நான் கருதவில்லை. மூன்று வாரங்கள் கழித்து நெறியாளர் என் பெயர்ப்பின் ஓரிடத்தைச் சுட்டி, "இங்கே 'மண' என்று எழுதியிருக்கிறீர்களே, மூலத்தில் அப்படியா இருக்கிறது, நீங்கள் விட்டதா?" என்று கேட்டார். மூலத்தில் 'மண்' என்றே இருந்தது. அதன்பின் செய்த முதல் வேலை இயக்குதளத்தை அழித்து மீண்டும் நிறுவியது. இரண்டாவது வேலையும் அதுவே. இரண்டு முறையும் பயன் இல்லை. தமிழ்99 விசைப்பலகை அமைப்பையும் எழுத்துரு அமைப்புகளையும் இழந்ததுதான் மிச்சம். அந்த வீண் உழைப்பே இக்கட்டுரைக்குக் காரணம்.

தமிழகத்தில் லினக்ஸ் அயலானதன்று. சென்னையிலுள்ள சிடாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007இல் வெளிவந்தது. 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோசுடன் பாஸ் லினக்சும் நிறுவப்பட்ட கணினிகள் மாணவர்க்கு வழங்கப்பட்டன. அம்மாணவருட் பலர் இன்று ஆய்வாளர், விரிவுரையாளரும் ஆகியுள்ளனர்.

புள்ளியும் படப்புள்ளியும்

மெய்யும் எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியம் அறிந்தவர்க்குப் புதிதன்று. ஓலைச்சுவடிகளில் அப்புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை என்பதும் அறிந்ததே. எனவே படிமத்தில் புள்ளி தென்படாதபோது, ஏடெழுதியவர் இடவில்லை என்று கொள்வது நம் பழக்கம். புள்ளியைத் திரை விழுங்கியிருக்கக்கூடும் என்று எவரும் ஐயுறுவதில்லை. 'பல்' என்பது 'பல' ஆகும்; 'கண்' என்பது 'கண' ஆகும். இரண்டும் சொற்களே ஆதலின், பிழைதிருத்தி மென்பொருளும் அவற்றைக் கடந்துவிடும்.

இது எவ்வாறு நிகழ்கிறது? தட்டைத் திரையில் உள்ள படப்புள்ளிகளின் எண்ணிக்கை ஆலையிலேயே முடிவாகிவிடுகிறது. என் திரையில் கிடையாக 1680, நெடுக 1050. கணினி 1024×768 அளவில் படத்தை அனுப்பினால், திரை அதைத் தன் பரப்புக்கு இழுத்து நிரப்ப வேண்டும். கிடையாக 1.64 மடங்கு, நெடுக 1.37 மடங்கு. ஒரு படப்புள்ளி அளவிலான மெய்ப்புள்ளி, முழுமையான இரண்டு படப்புள்ளிகளாகவும் ஆகாமல் ஒன்றாகவும் நில்லாமல், அண்டைப் படப்புள்ளிகளில் சாம்பல் நிறமாகக் கரைந்துவிடுகிறது. மேலும், 1.64ஐ 1.37ஆல் வகுத்தால் 1.2 வருகிறது. அதாவது, எல்லா எழுத்துகளும் ஐந்தில் ஒரு பங்கு அகலமாகக் காட்சியளிக்கின்றன. எழுத்து வடிவ வரலாறு ஆராய்வோர் இத்திரையில் அளவெடுத்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இழுப்பால் வரும் கரைவைவிடப் பெரிய இழப்பு ஒன்றுண்டு. பக்கம் முழுவதையும் திரையின் அகலத்துக்குப் பொருத்திப் படிப்பதே நம்மிற் பலர் வழக்கம். அப்போது 1680 படப்புள்ளிகளில் காட்டப்பட வேண்டிய வரி 1024இல் சுருக்கப்படுகிறது. படிமத்தில் இருந்த நுட்பம் திரைக்கு வருமுன்பே கழிந்துவிடுகிறது. படத்தைப் பெரிதாக்கினால் புள்ளி மீளும் என்பது உண்மையே. ஆயினும் நாளெல்லாம் பெரிதாக்கியே படிப்பவர் எவர்? ஐயம் எழுந்த இடத்தில்தான் பெரிதாக்குவோம். ஐயமே எழாத இடத்தில் பிழை தங்கிவிடும்.

பிழை எந்தப் படியில் நுழைந்தது?

மூலபாட ஆய்வில், பாடம் திரிந்திருந்தால் அத்திரிபு எந்தப் படியில் முதலில் தோன்றியது எனத் தேடுகிறோம். எல்லாப் படிகளையும் எரித்துவிடுவதில்லை. திரைச் சிக்கலையும் அவ்வாறே அணுகலாம். திரை தன்னைப்பற்றி ஒரு செய்தி சொல்கிறது. வடம் அதைக் கடத்துகிறது. லினக்சின் கெர்னல் அதைப் படிக்கிறது. வரைகலை இயக்கி அதற்கேற்பக் குறிப்பலையை உருவாக்குகிறது. மேசைச்சூழல் நம் விருப்பத்தை அதன்மேல் ஏற்றுகிறது. இவ்வைந்தில் எங்கு வேண்டுமானாலும் திரிபு நேரலாம்.

அவற்றுள் முதற்செய்தியே இன்றியமையாதது. அதன் பெயர் ஈடிட். வீசா என்ற தரநிர்ணய அமைப்பு 1994இல் வகுத்த இவ்வட்டவணை 128 பைட்டு நீளமுடையது. புதிய திரைகளில் மேலும் 128 பைட்டுப் பகுதிகள் இணைந்திருக்கும். திரையைச் செய்தவர் யார், பரப்பு எவ்வளவு, ஏற்கும் அளவுகள் எவை, விரும்பும் அளவு எது என்பனவெல்லாம் இதில் அடங்கும். 128 பைட்டுகளையும் கூட்டினால் 256இன் மடங்காக வர வேண்டும். வராவிட்டால் அட்டவணை வழியில் சிதைந்திருக்கிறது எனக் கணினி அறிந்துகொள்ளும். எழுத்தெண்ணி ஏடு சரிபார்ப்பது போன்ற ஏற்பாடு இது.

விஜிஏ வடத்தில் 15 ஊசிகள் உண்டு. படத்தைக் கொண்டுசெல்பவை வேறு. இவ்வட்டவணையைக் கொண்டுவருபவை 12, 15 ஆகிய இரண்டு ஊசிகள். ஆகவே, அவ்விரண்டில் ஒன்று வளைந்தாலோ, மலிவான வடத்தில் கம்பியே இணைக்கப்படாதிருந்தாலோ, படம் குறைவின்றி வரும்; அட்டவணை மட்டும் வாராது. கெர்னல் அப்போது திரையின் இயல்பை அறியாமல், 1024×768க்கு மேற்படாத பொது அளவுகளையே முன்வைக்கும். 1024×768இல் திரை சிக்கிக்கொள்ளும் சிக்கலுக்கு இது முதன்மையான காரணங்களுள் ஒன்று. ஒன்று கவனிக்க: 9ஆம் ஊசி பல வடங்களில் இயல்பாகவே இராது, அது குறையன்று. கடலோரத்தில் வாழ்வோர் ஊசிகளிற் படியும் பச்சைக் களிம்பையும் நோக்க வேண்டும். உப்புக்காற்று செம்புத் தொடுமுனைகளை அரிக்கும்.

எச்டிஎம்ஐ துளையிலிருந்து விஜிஏ திரைக்கு மாற்றும் சிறு கருவிகள் வேறொரு வகைத் திரிபை உண்டாக்கக்கூடும். அவற்றுட் சில, திரையின் அட்டவணையைக் கடத்தாமல் தமக்குரிய அட்டவணையையே கணினிக்குத் தந்துவிடும். இடைச்செருகல் என்று இதனைச் சொல்லலாம்.

சோதிக்கும் முறை

கட்டளைகளின் பெயர்களை இங்கே தமிழில் ஒலிபெயர்த்துத் தருகிறேன். முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இட வேண்டும்.

முதலில் கண்ணால் காணத்தக்கவை. தனியாக வரைகலை அட்டை பொருத்திய கணினியில், வடம் அவ்வட்டையின் துளையில் செருகப்பட்டுள்ளதா, தாய்ப்பலகையின் துளையிலா என்று பார்க்க வேண்டும். பிறகு, திரையின் சொந்தப் பட்டியலை அதன் விளிம்புப் பொத்தானால் திறக்க வேண்டும். திரை தற்போது பெற்றுக்கொண்டிருக்கும் அளவும் வீதமும் பெரும்பாலும் அதில் காட்டப்படும். மேசைச்சூழல் என்ன சொன்னாலும், திரை உண்மையில் பெறுவது இதுவே. அப்பட்டியலின் எழுத்துகள் தெளிவாக இருந்து, கணினி அனுப்பும் படம் மட்டும் மங்கலாகவோ மினுக்கியோ இருந்தால், திரைப்பலகமும் அதன் பின்னொளியும் நலமே. குறை அதற்கு முந்திய படிகளில் உள்ளது. பணம் செலவின்றிக் கிடைக்கும் சோதனைகளுள் இதைவிடப் பயனுள்ளது வேறில்லை என்பது என் கருத்து.

அடுத்து, அட்டவணை வந்து சேர்ந்ததா எனக் காண வேண்டும். கணினியின் வேர்க் கோப்பகத்தில் 'சிஸ்' (எஸ்-ஒய்-எஸ்), அதன்கீழ் 'கிளாஸ்', அதன்கீழ் 'டிஆர்எம்' என்ற கோப்பகம் உள்ளது. ஒவ்வொரு துளைக்கும் அங்கே ஒரு கோப்புறை. ஒவ்வொன்றினுள்ளும் 'ஈடிட்' என்ற கோப்பு. பட்டியலிட்டால் அதன் அளவு சுழி என்றே தோன்றும். அதைக் கண்டு மயங்க வேண்டா. 'டபிள்யூசி' கட்டளையால் உள்ளடக்கத்தின் பைட்டுகளை எண்ணினால் 128, 256 போன்ற எண் வர வேண்டும். உண்மையிலேயே சுழி வந்தால் வடத்தை மாற்றிப் பார்ப்பதே அடுத்த செயல். அட்டவணை வந்திருந்தால், 'ஈடிட்-டிகோட்' என்ற கருவி அதைப் படிக்கத்தக்க வடிவில் விரித்துரைக்கும்.

ஒரே ஒரு அளவு மட்டும் கிடைக்கிறதா? அங்ஙனமாயின் இயக்கியை ஐயுறலாம். நிறுவும்போது திரை கருமையாகிவிட்டால், 'நோமோட்செட்' என்ற சொல்லைத் தொடக்கக் கட்டளையில் சேர்க்குமாறு அறிவுரை கிடைக்கும். நிறுவி முடித்தபின் அச்சொல்லை நீக்க மறப்பவர் பலர். அது இருக்கும்வரை கெர்னல் வரைகலை அட்டையின் இயக்கியை ஏற்றாது. 'ஈடிசி' கோப்பகத்தின்கீழ் 'டிஃபால்ட்' என்பதனுள் உள்ள 'க்ரப்' கோப்பில் அச்சொல் இருக்கிறதா எனப் பார்த்து நீக்கிவிட்டு, டெபியன் வழித் தொகுப்புகளில் 'அப்டேட்-க்ரப்' கட்டளையை இயக்கிக் கணினியை மீளத் தொடங்க வேண்டும்.

புதுப்பிப்பு வீதத்தின் கணக்கு

மேசைச்சூழல் எக்ஸ் வழங்கியின்மேல் இயங்குகிறதா, வேலாண்டின்மேல் இயங்குகிறதா என்பதை இவ்விடத்தில் அறிந்துகொள்ள வேண்டும். க்னோம் சூழலில் அமைப்புகளின் 'பற்றி' பகுதியில் இது குறிக்கப்பட்டிருக்கும். எக்ஸ் எனில், எக்ஸ்ராண்டர் (எக்ஸ்-ஆர்-ஏ-என்-டி-ஆர்) என்ற கட்டளை எல்லாத் துளைகளையும், அவை ஏற்கும் அளவுகளையும் வீதங்களையும் பட்டியலிடும். உடுக்குறி இட்டது இப்போது இயங்குவது. கூட்டல் குறி இட்டது திரை விரும்புவது. இரண்டும் ஒரே வரியில் இல்லையெனில் காரணம் தேட வேண்டும்.

அப்பட்டியலில் 60க்குப் பதிலாக 59.95 என்று காண்போர் கலங்குவதுண்டு. அது குறையன்று. 1680×1050 அளவுள்ள படத்தை அனுப்பும்போது, ஒவ்வொரு வரியின் இறுதியிலும் ஒவ்வொரு சட்டகத்தின் இறுதியிலும் வெற்றிடைவெளி விடப்படுகிறது. பழைய குழாய்த்திரையில் மின்னணுக் கற்றை திரும்பி வருவதற்காக ஏற்பட்ட இடைவெளி, கற்றையே இல்லாத தட்டைத் திரையிலும் மரபாகத் தொடர்கிறது. அவ்வெற்றிடத்தையும் சேர்த்தால் சட்டகத்தின் அளவு 2240×1089. வினாடிக்கு 60 முறை எனப் பெருக்கினால் 146.36 மெகாஹெர்ட்ஸ் தேவை. தரவிதி இதனைக் கால் மெகாஹெர்ட்ஸ் படிகளாகக் கீழ்நோக்கி முழுமையாக்குவதால் 146.25 ஆகிறது. அதனால் வீதம் 59.95 என நிற்கிறது.

இக்கணக்கு வெறும் ஆர்வத்துக்குரியதன்று. வேண்டிய அளவு பட்டியலில் இல்லாதபோது, சிவிடி (சி-வி-டி) என்ற கட்டளைக்கு அகலம், உயரம், வீதம் ஆகியவற்றைத் தந்து ஒரு வரையறையைப் பெற்று, அதை எக்ஸ்ராண்டரில் புதிய அளவாகச் சேர்க்கலாம். பல வழிகாட்டிகளும் இதைத்தான் கூறுகின்றன. ஆனால் 1920×1080, 60 என்று கேட்டால் சிவிடி தரும் வரையறைக்கு 173 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். ஒற்றை இணைப்பு டிவிஐ, தொடக்ககால எச்டிஎம்ஐ ஆகியவற்றின் மேல்வரம்போ 165. ஆகவே கட்டளை சரியாக இருந்தும் திரை கருமையாகும். 'வரம்புக்கு வெளியே' என்ற அறிவிப்பும் தோன்றக்கூடும். குழாய்த்திரைக்குரிய வெற்றிடத்தைக் குறைக்குமாறு சிவிடியிடம் கேட்டால் (கட்டளையோடு ஒரு சிறுகோடும் 'ஆர்' எழுத்தும் சேர்க்க வேண்டும்), அதே அளவு 138.5 மெகாஹெர்ட்ஸில் அடங்கிவிடும். தொலைக்காட்சித் தரத்தில் அதுவே 148.5. வழிகாட்டியின்படி செய்தும் பலிக்கவில்லை என்று கைவிட்டவர்கள் இதனை ஒருமுறை முயன்று பார்க்கலாம்.

4கே திரையில் சுட்டி தத்தித்தத்தி நகர்வதும் இவ்வகைச் சிக்கலே. எச்டிஎம்ஐ 1.4இன் வரம்பு 340 மெகாஹெர்ட்ஸ்; 3840×2160 அளவுக்கு அது 30 ஹெர்ட்ஸ் மட்டுமே தாங்கும். இங்கே மென்பொருளில் திருத்த ஏதுமில்லை. வேறு துளை வேண்டும், அல்லது அளவைக் குறைக்க வேண்டும்.

எக்ஸ்ராண்டரால் செய்த மாற்றம் அந்த அமர்வோடு நீங்கிவிடும். நிலைக்கச் செய்ய, இல்லக் கோப்பகத்தில் 'எக்ஸ்ப்ரொஃபைல்' என்ற மறைகோப்பில் அக்கட்டளைகளை எழுதிவைப்பது பல தொகுப்புகளில் போதும். வேலாண்டில் எக்ஸ்ராண்டரின் இவ்வழி செல்லாது. அங்கே, க்ரப் கோப்பின் தொடக்கக் கட்டளையில் 'வீடியோ' என்ற அளவுருவுக்குத் துளையின் பெயரையும் அளவையும் வீதத்தையும் தந்து, கெர்னலுக்கே அறிவிக்க வேண்டும். திரை தன் அட்டவணையைத் தரவே இயலாத நிலையில், நல்ல அட்டவணைக் கோப்பொன்றைக் கெர்னலிடம் கொடுத்து அதையே படிக்கச் செய்யவும் வழியுண்டு.

மினுக்கல்

மினுக்கல் என்ற ஒரே சொல்லால் நாம் பல நோய்களைக் குறிக்கிறோம். விஜிஏ இணைப்பில் சில நெடுக்குப் பட்டைகளில் மட்டும் எழுத்துகள் நடுங்கினால், திரையின் கடிகார வீதம் குறிப்பலையோடு பொருந்தவில்லை என்று பொருள். திரையின் 'ஆட்டோ' பொத்தானை, எழுத்துகள் நிறைந்த பக்கம் ஒன்றைத் திறந்துவைத்து அழுத்தினால் பெரும்பாலும் தீரும். ஒளியைக் குறைத்தபோது மட்டும் கண் கூசினால், பின்னொளியை விரைவாக அணைத்தேற்றி மங்கச் செய்யும் முறை காரணமாகலாம். கைப்பேசிக் கேமரா வழியே பார்த்தால் திரையில் பட்டைகள் ஓடுவது தெரியும். ஒளியைக் கூட்டி, அறை வெளிச்சத்தால் ஈடுசெய்வதே வழி. இன்டெல் வரைகலை கொண்ட மடிக்கணினியின் சொந்தத் திரை இடையிடையே துடித்தால், பலகத்தின் தற்புதுப்பிப்பு வசதியை நிறுத்திப் பார்க்கலாம். 'ஐ915' இயக்கியின் 'பிஎஸ்ஆர்' அளவுருவுக்குச் சுழி தருவதே அது.

அண்டையில் மோட்டார் ஓடத் தொடங்கும்போதெல்லாம் திரை இமைத்தால், லினக்ஸ் அதற்குப் பொறுப்பன்று. மடிக்கணினியை மின்கலத்தில் இயக்கிப் பார்த்து உறுதிசெய்துகொள்ளலாம்.

கருத்தரங்க அறையில்

மடிக்கணினிகளில் பரவலாக உள்ள 1366×768 அளவு, படவீழ்த்தியோடு இணைக்கும்போது தொல்லை தரும். 1366 என்பது எட்டால் வகுபடாத எண். அட்டவணையில் பொது அளவுகளை எழுதும் பகுதி எட்டின் மடங்குகளை மட்டுமே ஏற்கும். ஆகவே பல படவீழ்த்திகள் 1366ஐ அறியா. இரண்டிலும் ஒரே படம் தெரிய வேண்டும் எனக் கேட்டால், இருவர்க்கும் பொதுவான 1024×768ஐக் கணினி தெரிவுசெய்யும். படிப்பவர் திரையும் அவையோர் திரையும் ஒருசேர மங்கும். ஒரே படத்தைக் காட்டுவதைவிட, திரையை நீட்டித்து ஒவ்வொன்றையும் அதனதன் இயல்பான அளவில் இயக்குவது நல்லது. அவையில் சுவடிப் படிமம் காட்டுவோர் இதை முன்னரே சரிபார்ப்பது தகும். தொலைக்காட்சிப் பெட்டியைத் திரையாக்கும் இடங்களில் படத்தின் விளிம்புகள் வெட்டுண்டால், அப்பெட்டியின் படஅளவுப் பட்டியலில் விளிம்பை வெட்டாத அமைப்பைத் தெரிவுசெய்ய வேண்டும்.

மீள்பார்வை

என் திரையின் குறை சிதம்பரத்தில் தீர்ந்தது. அங்குள்ள நண்பரின் அறைக்குத் திரையை எடுத்துச்சென்று அவருடைய வடத்தில் இணைத்ததும் 1680×1050 தானாகவே வந்தது. என் வடத்தைச் சாளர வெளிச்சத்தில் பார்த்தபோது, 12ஆம் ஊசி அடிவரை மடங்கிக் கிடந்தது. அது வாங்கும்போதே அப்படி இருந்ததா, நான் செருகியபோது மடங்கியதா என்று இப்போது சொல்ல இயலாது.

அம்மூன்று வாரப் பெயர்ப்பை முதலிலிருந்து மீண்டும் ஒப்பிட்டேன். ஆய்வேட்டின் முறையியல் பகுதியில், படிமத்தின் நுட்ப அளவோடு, படித்த திரையின் பிரிதிறனையும் உருப்பெருக்க விகிதத்தையும் குறித்துள்ளேன். மீளொப்பீட்டில் விடுபட்ட புள்ளிகளிற் பெரும்பாலானவை மூலத்தில் இருந்தன. இரண்டிடங்களில் மட்டும், எவ்வளவு பெரிதாக்கியும் புள்ளி இல்லை. அவை அச்சுக்கோத்தவர் விட்டவை; அவ்வாறே அடிக்குறிப்பிட்டிருக்கிறேன்.